குறை சொல்ல முடியாத வீடு

காது கேளாதவர்களை அவர்களுடைய குடும்பத்தார் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வீடுவீடாகப் போய் மதிப்பிடுவது கொஞ்சக் காலம் என் வேலையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா குந்தியிருக்கப் பிடிக்கவில்லை. ஒரு தொண்டு நிறுவனத்தில் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள், சேர்ந்துகொண்டேன். கொழும்புக்குக் கூட்டிப் போய்ச் சில கிழமைகள் சைகை மொழி பழக்கினார்கள். யுத்தகாலத்தில் பக்கத்து வளவில் ஷெல் விழுந்ததிலிருந்து எனக்கே இடது காது கேட்காது. அந்தப் பக்கம் நின்று என்னைத் திட்டுகிறவர்கள் வீணாக வாயை நோகடிக்கிறார்கள்.

வேலை பார்வைக்கு லேசு. ஆள் சுத்தமாக இருக்கிறாரா, நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா, மருந்து கொடுக்கிறார்களா, பாதுகாப்பு உண்டா என்று பார்த்துப் புள்ளி போட வேண்டும். களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் ஏறி வாவிக்கரை ஊர்களில் இறங்கி நடப்பேன். கண்ட காட்சிகள் எல்லாவற்றையும் சொன்னால் உங்களுக்குச் சோறு இறங்காது. ஒரு வீட்டில் ஆட்டுக்குக் குழை போட்ட கையோடு அப்படியே போய்த் தகப்பனுக்குச் சோறு வைத்தார்கள். இன்னொரு வீட்டில், நான் வருகிறேன் என்று தெரிந்து, பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த காது மிசினை எடுத்துத் தாயின் காதில் மாட்டியிருந்தார்கள். அதற்குள் பற்றரி இல்லை. இப்படியே பார்த்துப் பார்த்து, மனிதர்கள்மேல் எனக்கு ஒரு கசப்பு ஏறியிருந்த நேரத்தில்தான் ஆரையம்பதியில் அந்த வீட்டுக்குப் போனேன்.

அன்று வெள்ளிக்கிழமை, பின்னேரம். வேலிப் படலையடியில் கதிரை போட்டு ஒரு அம்மா இருந்தார். அறுபது வயதைத் தாண்டியிருக்கும். நல்ல சேலை, வாரி முடிந்த தலை, மடியில் கச்சான் கடலை சுற்றிய ஒரு கடதாசிச் சரை. பிறவியிலேயே காது கேளாதவர் அவர்தான். வீடு அவருடைய தங்கையினது. அந்த வீட்டில் எல்லோரும் அவரை அக்கா என்றே சொன்னதால் நானும் அக்கா என்றே சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். மூத்தவளுக்குப் போக வேண்டிய வீடு இளையவளுக்கு வந்தது எப்படி என்று தங்கை அவராகவே சொன்னார்.

"அக்காவுக்குக் கலியாணம் சரிவரல்ல மிஸ். அப்ப வீட்ட என்ட பேருக்கு எழுதக்குள்ள அக்காவையும் சேத்துத்தான் தந்தவங்க."

அதை அவர் சலிப்பாகச் சொல்லவில்லை. கிணறும் இரண்டு தென்னையும் சேர்த்துத் தந்தார்கள் என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார். பார்த்ததும் அப்படித்தான் இருந்தது. அக்காவின் அறை கூட்டித் துடைத்துக் கிடந்தது. நகம் வெட்டியிருந்தது. பிரஷர் குளிசையும் சீனி வருத்தக் குளிசையும் தனித்தனிப் போத்தலில் இருந்தன. மீனில் முள்ளெடுத்துத்தான் கொடுப்பார்களாம். ரோட்டில் வாகனச் சத்தம் கேட்காது என்பதால் தனியே அவரை வெளியே விடுவதில்லை. தங்கையின் புருசன் சின்னக் கடை ஒன்று வைத்திருந்தார். கடையிலிருந்து வரும்போது மச்சாளுக்கென்று ஏதாவது கொண்டுவராமல் வரமாட்டாராம். குறை கண்டுபிடிக்கிறதில் நான் கெட்டிக்காரி. அந்த வீட்டில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

நான் அக்காவுக்கு முன்னால் இருந்து, கொழும்பில் படித்த சைகையில் சுகமா என்று கேட்டேன். அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு சிரித்தார். ஊர்ப் பேச்சுத் தெரியாமல் பஸ்ஸில் வந்து இறங்கியவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. பிறகு அவருடைய கைகள் பேசத் தொடங்கின. விரல், மணிக்கட்டு, புருவம், தோள், எல்லாம் சேர்ந்து ஓடின. இடையில் என்னுடைய நடையை அவர் பகிடி பண்ணியது மட்டும் எனக்கு விளங்கியது. மற்றதெல்லாம் எனக்குத் தெரியாத மொழி.

"என்ன சொல்றா?" என்று தங்கையைக் கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும் மிஸ்? அது அவட பாஷை."

"நீங்க அவவோட என்னெண்டு கதைக்கிற?"

தங்கை செய்து காட்டினார். வாயில் விரலை வைத்தால் சாப்பாடு. தலையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி என்றால் குளிப்பு. உள்ளங்கையில் குத்தினால் குளிசை. நித்திரை, வா, போகாதே. தண்ணீர் தெளிக்கிற மாதிரிக் கையை ஆட்டினால் அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு. அதோடு முடிந்தது. பிறந்ததிலிருந்து ஒரே கூரையின்கீழ் இருக்கிற இரண்டு பெண்களுக்கு இடையில் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

"அவட பாஷை தெரிஞ்ச ஒராள் இருந்தா," என்றார் தங்கை. "காத்தான்குடி ராத்தா ஒராள். அவவுக்கும் காது கேளாது, வாய் பேசமாட்டா. முந்தி வாவிக்கரையில இறால் உரிக்கிற கொட்டில் இருந்தல்லோ, அங்க ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில இருந்து வேல செஞ்சவங்க."

சின்ன வயதில் அந்தக் கொட்டிலில்தான் இரண்டு பேரும் இந்தக் கைமொழியை உண்டாக்கியிருக்கிறார்கள். கொட்டில் மூடி எத்தனையோ காலம். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்த பிறகு ராத்தாவின் மகன் தன் ஓட்டோவில் தாயை ஏற்றிக்கொண்டு வந்து இந்தப் படலையில் இறக்கிவிட்டுப் போவாராம். பொழுதுபடும்வரை இரண்டு பேரும் முற்றத்தில் இருந்து கை ஓயாமல் கதைப்பார்களாம். கச்சான் சரை ராத்தாவுக்கு.

"இருந்தா எண்டு ஏன் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

தங்கை குரலைத் தாழ்த்தினார். காது கேளாத ஒருவருக்கு முன்னால் குரலைத் தாழ்த்தி, முகத்தையும் குசினிப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"அவ மவுத்தாப் போயிட்டா மிஸ். வைகாசியிலேயே போயிட்டா. அக்காக்குத் தெரியாது."

நான் போனது ஆவணி மாதம்.

அந்த வீட்டார் கண்ணகி அம்மன் கோயிலில் பங்குள்ளவர்கள். கோயில் கதவு வருசத்தில் ஒருமுறை வைகாசியில்தான் திறக்கும். திறந்த நாளிலிருந்து குளிர்த்தி முடியும்வரை அவர்கள் மச்ச மாமிசம் தின்பதில்லை, சாவீட்டுக்குப் போவதில்லை. சாவுச் செய்தி கொண்டுவருகிறவனையும் படலைக்கு வெளியே நிறுத்தித்தான் கேட்பார்கள்.

"கதவு திறந்து கிடக்கக்குள்ளதான் சேதி வந்த. அவங்கட ஆக்கள் அண்டைக்கே அடக்கிருவாங்கதானே. அக்காட்டச் சொல்லியிருந்தா அவ நிண்டிருக்கமாட்டா, ஓடியிருப்பா. சாவுத் துடக்கோட வந்து கோயிலுக்குள்ள என்னெண்டு போற? குளிர்த்தி முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டு இருந்தம். முடிஞ்ச பிறகு, இனி என்னெண்டு சொல்லுற எண்டு விட்டாச்சு."

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி எண்டு விட்டுட்டீங்க."

"அவ நொந்து போவா மிஸ்."

"கிழமைக்குக் கிழமை படலையடியில வந்து இருக்கிறாவே, அதக் காணல்லையா நீங்க?"

"காணாம என்ன? கொஞ்சக் காலத்தில மறந்திருவா எண்டுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காது கேட்காதென்றால் நினைவும் இருக்காதா என்று கேட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்க்கிறீர்கள் என்றும் சொன்னேன். மதிப்பிட வந்தவள் வீட்டுக்காரரை ஏசக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் என் காதில் ஏறாது, கேட்கிற காதிலும்கூட.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க வந்து போற ஆள் மிஸ். அவ அழுது விழுந்து கிடந்தா ஆர் பாக்குற?" என்றார். கடையிலிருந்து வந்த புருசனும், "போன ஆள் போயிட்டா. இருக்கிற ஆளையும் ஏன் சாகடிக்கிற?" என்றார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த மனுசியில் உயிரையே வைத்திருந்தார்கள். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

வெளியே வந்தபோது அக்கா திரும்பவும் படலையடிக் கதிரையில் இருந்தார். ஓட்டோ ஒன்று தூரத்தில் திரும்ப, கழுத்தை நீட்டிப் பார்த்தார். அது வேறு யாரோ.

அடுத்த கிழமை காத்தான்குடிக்குப் போய் ராத்தாவின் மகனைத் தேடிப் பிடித்தேன். நடுத்தர வயது, பிள்ளைகுட்டிக்காரர். உம்மாவைப் பற்றிக் கேட்டதும் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"உம்மா மவுத்தான பிறகு அந்த ரோட்டாலயே நான் போறல்ல மிஸ். ஆரையம்பதிக்கு ஹயர் வந்தாலும் வேற ஆளுக்குக் குடுத்திருவன். அந்தப் பெரியம்மா படலையில நிப்பாங்க. நான் என்னெண்டு முகம் குடுக்கிற?"

உம்மாவின் கைமொழி அவருக்கும் கொஞ்சந்தான் தெரியும். நன்றாகத் தெரிந்தவள் அவருடைய தங்கச்சி. அவள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவளுக்கும் முழுவதும் தெரியாதாம். "நாங்க கிட்டப் போனா ரெண்டு பேரும் கதைய நிப்பாட்டிட்டுச் சிரிப்பாங்க. எங்களத்தான் என்னவோ சொல்லியிருக்காங்க போல," என்று சொல்லி அவரும் கொஞ்சம் சிரித்தார்.

வாருங்கள், நீங்களே வந்து சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். தங்கையிடமும் போய்ச் சொன்னேன். அவர் மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் அக்காவுக்குத் தலை முழுக வார்த்துவிட்டிருந்தார்.

ஜும்மா முடிந்து, ராத்தாவின் மகனுடைய ஓட்டோவில் முன்சீற்றில் அவரோடு நெருக்கிக்கொண்டு நான் போனேன். பின்சீற்றில் இருக்க எனக்கு மனம் வரவில்லை. தூரத்திலேயே அக்கா ஓட்டோவை அடையாளம் கண்டுவிட்டார். எழுந்த விதத்தில் கதிரை சரிந்து விழுந்தது. சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே பின்சீற்றுக்கு வந்து குனிந்து பார்த்தார். வெறுமையாக இருந்தது. சுற்றி மற்றப் பக்கம் போய்ப் பார்த்தார். ராத்தா ஒளித்து விளையாடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும், விரலை ஆட்டிச் செல்லமாக மிரட்டினார்.

மகன் இறங்கி அவருக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு கையையும் கன்னத்தில் சேர்த்து, கண்ணை மூடி, தலையைச் சரித்தார். பிறகு உள்ளங்கையால் மண்ணைக் காட்டினார். அக்கா அவருடைய கையைத் தட்டிவிட்டார். கூடாத பகிடி விடுகிற பிள்ளையின் கையைத் தட்டுவது போலத்தான் தட்டினார். அவர் திரும்பவும் அதையே செய்தார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். படலைக்குள் நின்ற தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் பின்சீற்றில் ஏறி இருந்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். தங்கையும் ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

காத்தான்குடி வீட்டில் ராத்தாவின் அறையை அதற்குள் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுத்துவிட்டார்கள். கட்டில் இருந்த இடத்தில் மேசையும் பள்ளிக்கூடப் பைகளும் இருந்தன. அக்கா அறையின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். எங்கே என்று கேட்டார், அது எனக்கே விளங்கியது. மகன் உம்மாவை அடக்கிய மையவாடி இருக்கிற திசையைக் காட்டிவிட்டு, பெண்கள் அங்கே போவதில்லை என்று கையால் சொன்னார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் போனபின் அக்கா கையைத் தோளுக்குப் பின்னால் சுழற்றிக் காட்டி மகனைப் பார்த்தார். எப்போது என்று கேட்கிறார். மகனுக்கு அதைச் சொல்லக் கை வரவில்லை. "வைகாசியில பெரியம்மா, வைகாசியில," என்று வாயால் சொல்லிக்கொண்டு நின்றார். என் கொழும்புச் சைகையும் உதவவில்லை. அக்கா திரும்பத் திரும்பக் கேட்டார்.

வாசலில் நின்ற தங்கைதான் பதில் சொன்னார். கையை உயர்த்தி, தண்ணீர் தெளிக்கிற மாதிரி ஆட்டினார். குளிர்த்தி.

அவர் உதவி செய்யத்தான் நினைத்தார். மற்ற எவருக்கும் தெரியாத சொல் தனக்குத் தெரியும் என்ற அவசரத்தில் செய்துவிட்டார். செய்த பிறகுதான் அது என்ன சொன்னது என்று அவருக்கே விளங்கியது. தூக்கின கை அப்படியே நின்றது. குளிர்த்தி முடிந்த அன்று, கோயிலிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை அக்காவின் தலையில் தெளித்துவிட்டதே தங்கைதான். அதற்குப் பிறகு எத்தனை வெள்ளிக்கிழமை சேலை கட்டிவிட்டிருப்பார், கச்சான் வறுத்துக் கொடுத்திருப்பார்.

அக்கா தங்கையை நோக்கி விரலை நீட்டினார். பிறகு அதே விரலால் தன் நெற்றியைத் தொட்டார். உனக்குத் தெரியும்.

தங்கை ஓம் என்று தலையாட்டிவிட்டு, வாசற்படியில் இருந்து அழத் தொடங்கினார். அக்கா அழவில்லை. மடியில் கொண்டுவந்திருந்த கச்சான் சரையை மருமகளின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய் ஓட்டோவில் ஏறினார். வீடு வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னது பிழை என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. ஒரு மனுசியை மாதக்கணக்காகப் படலையடியில் இருத்தி வைத்திருப்பதைப் பராமரிப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை. நாலு நாள் அழுவார், பிறகு தேறுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த மதிப்பீட்டுக்கு நான் போனபோது மாரி தொடங்கியிருந்தது. வளவு முழுக்கத் தண்ணீர். படலையடியில் கதிரை இல்லை. அக்கா விறாந்தையில் இருந்தார். தலை வாரியிருந்தது, நகம் வெட்டியிருந்தது, குளிசைப் போத்தல்கள் அதே தட்டில் இருந்தன. கைகள் மடியில் கிடந்தன.

"இப்ப ஒரு கரைச்சலும் இல்ல மிஸ்," என்றார் தங்கை. "படலையடிக்குப் போறதும் இல்ல. கையக் காட்டி ஒண்டும் கேக்கிறதும் இல்ல. குடுத்தாச் சாப்பிடுவா, படுக்கச் சொன்னாப் படுப்பா." அதுவரை ஒரே மூச்சில் சொன்னவருக்குக் குரல் உடைந்தது. "என்ன ஏசினாக்கூடப் பரவாயில்லகா. ஒருக்கா அடிச்சாக்கூடப் பரவாயில்ல. அண்டையிலிருந்து கைய உசத்திறாவே இல்ல."

மிஸ் என்று தொடங்கியவர், அதை மறந்து, கூட்டாளியோடு கதைப்பது போலக் 'கா' போட்டு என்னோடு பேசினது அன்றுதான்.

ராத்தாவின் மகன் வெள்ளிக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறாராம். ஒருநாள் குவைத்திலிருந்த தங்கச்சியை ஃபோனில் படத்தோடு எடுத்து அக்காவுக்கு முன்னால் பிடித்திருக்கிறார். அவள் தாயின் சாயல். தாயின் கையசைவில் அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாளாம், அழுதுகொண்டே சொன்னாளாம். அக்கா கவனமாகப் பார்த்துவிட்டு, ஃபோனை அவருடைய கையிலிருந்து வாங்கி, மேசையில் குப்புற வைத்துவிட்டார்.

எங்கள் மதிப்பீட்டில் ஆள் அமைதியாக இருக்கிறாரா என்று ஒரு கேள்வி உண்டு. போனமுறை, படலையடிக் காத்திருப்பைப் பார்த்து, அதற்குக் குறைத்துப் போட்டிருந்தேன். இந்தமுறை முழுப் புள்ளியும் போட வேண்டியிருந்தது. காரியாலயத்தில் என் மேலதிகாரி பார்த்துவிட்டு, நல்ல முன்னேற்றம் என்றார். அவரோடு சண்டை பிடிக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. அந்த வருசத்தோடு வேலையை விட்டுவிட்டேன்.

ஆனால் அன்று புறப்படுமுன் ஒன்று செய்து பார்த்தேன். குவைத்திலிருந்த ராத்தாவின் மகளிடம் ஃபோனில் கேட்டு ஒரேயொரு சொல்லைப் பழகிக்கொண்டு போயிருந்தேன். ராத்தா ஓட்டோவிலிருந்து இறங்கியதும் முதலில் சொல்கிற சொல்லாம் அது. இரண்டு பெருவிரலாலும் காதோரத்தைத் தட்டி, கைகளை விரித்து, புருவத்தை உயர்த்த வேண்டும். என்ன புதினம் என்று அர்த்தம். கேளாத காதைத் தட்டிக் கேட்பதுதான் அவர்களுடைய பகிடியாம். அக்காவுக்கு முன்னால் இருந்து அதைச் செய்தேன்.

அக்கா என் கைகளைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு எழுந்து வந்து, விரித்த என் இரண்டு கையையும் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக என் மடியில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினார். கோபமாக இல்லை. ஓயாமல் கதைக்கிற பிள்ளையின் வாயை மெல்லப் பொத்துவது போல இருந்தது.

குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த தங்கை அதை எட்டிப் பார்த்துவிட்டார் போல. அக்கா ஏதும் சொல்கிறாவா என்று அங்கிருந்தே ஆசையாகக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.